பாதி ரொட்டி கொடுத்தவன்

சூடான ரொட்டியின் மணம் மூக்கில் பட்டால் எனக்குள் அந்தப் பேருந்து ஓடத் தொடங்கிவிடும். நெய்யாற்றின்கரையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போனது அது; குவைத் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாரோ பேக்கரிப் பொட்டலத்தோடு ஏறியிருந்தார்கள். முன்னிருக்கையில் அக்காளும் தங்கையும். அக்காளின் மகனுக்குப் பேசியிருந்த பெண், போர்க்காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையாகக் குவைத்தில் இருந்தபோது எழுதிய டைரியைக் கொடுத்து, வாசித்த பிறகு சம்மதம் சொன்னால் போதும் என்றிருக்கிறாள்.

"வாசிச்சேன், ஏட்டி. குண்டு விழுந்ததுக்கு ரெண்டு வரி. பாலைவனத்துல, லாரியில, பாதி ரொட்டி பிச்சுக் குடுத்த பயலுக்கு ஒரு பக்கமாக்கும்!"

"பசிச்சவளுக்கு ரொட்டிதானே அக்கா பெருசு?"

"அவன் பேர எழுதேல்ல. அது ஏன்?"

"கேட்டிருக்க மாட்டா."

"எல்லை வரைக்கும் ஒரே லாரியில வந்தவளுக்குப் பேரு தெரியாதா? ஞாயிற்றுக்கிழம மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு சாமியாரு கேப்பாரு. அப்ப எவனாவது எழும்பி நின்னா?"

தங்கை சிரித்தாள். "கள்ளம் உள்ளவ டைரியக் கொண்டு மாமியாக்காரி கையில குடுப்பாளா?"

"அதுதான் எனக்கு சம்சயம். எதுக்குக் குடுத்தா?"

"பொறவு அவனுக்கு என்ன ஆச்சு?"

"எல்லையில பட்டாளக்காரன் அவன மட்டும் எறக்கிக் கொண்டு போனானாம். அதோட அவனப் பத்தி ஒரு வரி இல்ல. நாளைக்குப் போயி அவகிட்டயே கேக்கப் போறேன்."

"கேட்டா அழுவா அக்கா, பாவம்."

பனச்சமூடு வந்துவிட்டது. அக்காள் படியில் இறங்கித் திரும்பினாள்.

"பாதி ரொட்டி குடுத்தவன நெனச்சு அழுதா ஓலை வாசிக்கட்டு. அழேல்லன்னா எனக்கு இந்த மருமவ வேண்டாம்."