வெள்ளிக்கிழமைத் திருத்தங்கள்

"டீ நல்லாருக்குக்கா. இஞ்சி தட்டிப் போட்டீங்களா?"

"பேசாம எழுது தம்பி. வாயால சொன்னா நாளைக்கு இல்லன்னுடுவ."

"நான் ஏன்க்கா இல்லங்கப் போறேன்? பேனா குடுங்க."

"மொதல்ல பேரு, ஊரு. டாக்டர் படிச்சாப் புரியணும். கத வுடாத."

என் பெயர் வெற்றிவேல். வயது இருபத்தாறு. ஊர் பாகூர் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். நான் புதுச்சேரியில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஹிதாயத்துல்லா சாரின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, 2008 ஜூலை மாதம் இதை எழுதுகிறேன். எதிரில் இருப்பவர் சாரின் மகள் அஸ்ஃபியா அக்கா. சென்னையிலிருந்து வந்திருக்கிறார். சாருக்கு மறதி நோய் இல்லை என்ற வாக்கியத்தைத் தனி வரியாக எழுதச் சொன்னார்.

சாருக்கு மறதி நோய் இல்லை.

எழுதிவிட்டேன். ஆனால் காரணங்களைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்கள் என்னைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் பனி கொட்டும்போது தெருவிளக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். சமோவாரில் டீத்தண்ணீர் கொதிக்கும் சத்தம் தெரியும். குதிரைவண்டியில் ஆறு நாள் போனால் முழங்காலில் எந்த இடம் வலிக்கும் என்றுகூடத் தெரியும். எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்து வந்த அறிவு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாததால்தான் சாரின் மொழிபெயர்ப்பை நடுநிலையோடு பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

சார் ஒரு பிரெஞ்சு நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். உப்பளக் கரையோர ஊர் ஒன்றில் ரொட்டி சுட்டு விற்கும் மத்தில்த் என்ற பெண்ணின் கதை. போன ஆண்டு வைரஸ் புகுந்த கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தபோது முதல் அத்தியாயத்தின் அச்சுப்படி பையில் இருந்தது. நின்றபடியே படித்து முடித்தேன். மிச்சத்தையும் கேட்டேன். "மொத்தமா முடியட்டும் வெற்றி. அரை வேக்காட்டுல திங்கக் கூடாது" என்றார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வைரஸ் பார்த்துவிட்டுப் போ என்றும் அவரேதான் சொன்னார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவர் ஜும்மாவுக்குப் போவார். தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் பழைய மாணவர்களைக் குசலம் விசாரித்து, திரும்ப இரண்டாகிவிடும். எனக்கும் அதுதான் சாப்பாட்டு இடைவேளை.

சாரின் கணினியில் நான் எதையும் நிறுவவில்லை. இதை டாக்டர் குறித்துக்கொள்ள வேண்டும். என்னிடம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க் இருக்கிறது. உடைந்த லேப்டாப்பிலிருந்து கழற்றி, உறை போட்டு, யுஎஸ்பி வயர் மாட்டியது. சோப்பு டப்பா அளவுதான். அதற்குள் லினக்ஸ் முழுதாக இருக்கிறது. கணினியில் அதைச் செருகி, தொடங்கும்போதே எஃப்12 பொத்தானைத் தட்டி, இதிலிருந்து கிளம்பு என்று காட்டிவிட்டால், கணினி தன் விண்டோஸை எழுப்பாது. என்னுடையதை ஓட்டும். திரையும் பொத்தான்களும் அவருடையவை, மற்றதெல்லாம் நான் கொண்டுபோனவை. வேலை முடிந்ததும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். விருந்துக்குப் போகிறவன் தட்டைக்கூடத் தானே கொண்டுபோய், சாப்பிட்டுக் கழுவி எடுத்து வருவதைப் போல நாகரிகமான முறை இது. விண்டோஸ் தூங்குவதால் கடவுச்சொல் கேட்க அங்கே ஆள் கிடையாது. சார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பாவமாக இருக்கும்.

முதல் மூன்று வாரம் படிக்க மட்டும் செய்தேன். நான்காவது வாரம் ஒரு மழை வந்தது. "விடாத மழை" என்று சார் எழுதியிருந்தார். நான் படித்த நாவல்கள் எல்லாவற்றிலும் மழை இதைவிட நன்றாகப் பெய்திருக்கிறது. "மனம் மாறாத மழை" என்று திருத்தினேன். அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் பழையபடி வியாழக்கிழமைக்கே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சார் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நேத்து என் பக்கத்தையே எடுத்துப் படிச்சேன் வெற்றி. இவ்ளோ நல்லாவா எழுதுறோம்னு இருந்திச்சு." எழுபத்தோரு வயது மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் சும்மா இருப்பது இரக்கமில்லாத காரியம்.

நான்காம் அத்தியாயத்தில் மத்தில்த்தின் நாய் செத்துப்போகிறது. கதைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. நொண்டி நடக்கும்படி விட்டுவிட்டேன். ஆறாம் அத்தியாயத்தில் அவள் நாயைப் புதைத்த இடத்துக்குப் போகும்போது சார் குழம்பிவிட்டார். பின்னால் போய்ப் பார்த்து, தன் தவறு என்று எண்ணி, நாயைச் சாகடித்தார். வெள்ளிக்கிழமை நான் பிழைக்க வைத்தேன். மறுபடி சாகடித்தார். இப்படி மூன்று முறை. பிறகு திரைக்கு மேலே ஒரு சீட்டை ஒட்டினார்: "நாய் செத்துவிட்டது. சந்தேகம் வேண்டாம்." நல்ல வாக்கியம். அதை நான் தொடவில்லை.

சாரின் மனைவி ஜஹபர் நிஷா அம்மா டீயோடு வந்து அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வூட்ல நாயே கெடையாது தம்பி. இவரு எந்த நாயச் சொல்றாரு?"

"வயசானா அப்படித்தாம்மா" என்றேன். அது ஆறுதலாகச் சொன்னது. அக்கா இப்போது மேசையில் தட்டுகிறார். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

பதினொன்றாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். மத்தில்த்துக்கு பியேர் என்று ஏழு வயதுப் பையன். உப்பளக் கால்வாயில் விழுந்து சாகிறான். சார் அதை ஒன்றரைப் பக்கத்தில், ஈரமே இல்லாமல் எழுதியிருந்தார். மத்தில்த்திடம் தினமும் ரொட்டி வாங்க வரும் சுங்கக் குமாஸ்தாவை நான் கால்வாயில் குதிக்க வைத்தேன். பையனைத் தூக்கிவந்து ரொட்டி அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவன் பல் தந்தியடிக்க ரொட்டி கேட்டான். அன்று டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. இந்த ஆறு மாதத்தில் நான் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது.

சார் அதைத் திருத்தவில்லை. கடைப் பக்கம் வரவுமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நிஷா அம்மா சொன்னார்: "ரெண்டு நாளா சோறு எறங்கல தம்பி. 'என் கை அந்தப் புள்ளயச் சாவ வுடல நிஷா, என்னா எழுதறன்னு எனக்கே தெரியல'ன்னு அழுவுறாரு. எங்க ஹாதி நெனப்புதான்." ஹாதி அக்காவின் தம்பி. எட்டு வயதில் வைத்திக்குப்பம் கடலில் குளிக்கப் போய்த் திரும்பாதவன். அந்த விஷயம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அன்னிக்குத்தான் தெரியுமா?"

"ஆமாங்கக்கா."

"அம்மா எங்கிட்ட வேற சொன்னாங்க. பொங்கலுக்கு முன்னாடியே அவன் சட்டைய உங்கிட்ட எடுத்துக் காட்டி அழுதேன்னாங்க. அடிச்சிட்டு எழுது."

மேலே உள்ள வரியில் ஒரு திருத்தம். ஹாதியைப் பற்றி எனக்கு ஜனவரியிலேயே தெரியும். நீலக் கட்டம் போட்ட சட்டை. பியேரைக் காப்பாற்றும்போதும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கவனமாக எழுதினேன். பியேருக்கும் நீலக் கட்டச் சட்டையே போட்டுவிட்டேன். ஒரு தகப்பனுக்கு வேறு யார் இதைச் செய்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் சாப்பிடாமல் இருப்பார் என்று நான் எதிர்பார்க்க முடியாது.

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறார். திரும்பி வரும்வரை தொடர்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவை டாக்டருக்கே தெரியும். ஒன்று எழுதினால் மறுநாள் வேறொன்று இருக்கிறது என்று சார் அவரிடம் சொல்லியிருக்கிறார். கடிகாரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தாராம். படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்துவிட்டார்கள். சார் பதிப்பகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அகராதிகளைப் பழைய மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வழி தவறிவிடுமோ என்ற பயத்தில் ஜும்மாவுக்குப் போவதையும் நிறுத்தினார். அது எனக்கும் பெரிய ஏமாற்றம். இருபதாம் அத்தியாயத்தில் செய்ய வேண்டியது நிறைய இருந்தது.

மாட்டிக்கொண்டது என் தவறால்தான். வயதானவர்கள் நேராகக் கணினியில் எழுதமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. சார் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அங்கேயே சொல்லிக்கொடுத்தவர். எதையும் முதலில் தாளில் ப்ரூய்யோன், அதாவது கரடு வரைவு, எழுதாமல் அவருக்கு வராது. அந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சுத்தமான நகலைத்தான் வாத்தியார் வாங்கிப் பார்ப்பார், அடித்துத் திருத்திய ப்ரூய்யோன் கண்ணிலேயே படக் கூடாது. அந்தப் பழக்கத்தில் தட்டச்சு முடிந்ததும் சார் அந்தத் தாள்களைச் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். தன் பக்கத்துச் சாட்சி அங்கே கிடக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை. நிஷா அம்மா அவற்றில் மசாலாப் பொட்டலம் மடிப்பார். சென்ற ஞாயிறு அக்கா மல்லித்தூள் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். சாரின் கையெழுத்தில் பியேர் செத்துக்கிடந்தான். பிறகு அலமாரியில் இருந்த பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்துத் திரையோடு ஒப்பிட்டிருக்கிறார். சோம்பில் நாய். கிராம்பில் மழை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்தது யார் என்று அம்மாவிடம் கேட்டால் போதுமே.

கேட்டார். இன்று மதியம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் மறைக்கவில்லை.

"முடிஞ்சிச்சா?" அக்கா வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் நாலு வரிக்கா."

"ஏன்டா செஞ்ச? அத மட்டும் சொல்லு. அத்தா உன்ன என்னா பண்ணாங்க? 'நம்ம வெற்றி, நம்ம வெற்றி'ன்னு வாய் ஓயாம சொல்லுவாங்களேடா."

"நல்லா வரணும்னுதான்க்கா."

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஹிதாயத்துல்லா சாரின் மொழிபெயர்ப்பில் ஜனவரி முதல் ஜூன் வரை, அவருக்குத் தெரியாமல், நாற்பத்தோரு இடங்களில் நான் கைவைத்தேன். அவர் தன் புத்தி கலங்கிவிட்டதாக நம்பியது என்னால். அவர் நம்புகிறார் என்பது மார்ச் மாதமே எனக்குத் தெரியும். தெரிந்தும் தொடர்ந்தேன், ஏனென்றால் அத்தியாயங்கள் அப்போதுதான் நன்றாக வர ஆரம்பித்திருந்தன. அவர் விழுங்கும் மாத்திரைகள் தேவையில்லாதவை. நிறுத்திவிடலாம்.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். போட்டுவிடுவேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு சின்ன விஷயம், அக்கா. நாவலில் மொத்தம் இருபத்திரண்டு அத்தியாயம். சார் இருபத்தொன்றோடு நிறுத்திவிட்டார். பிரெஞ்சுப் புத்தகம் அவர் கட்டில் பக்கத்தில்தான் கிடக்கிறது. கடைசி அத்தியாயம் பதினான்கு பக்கம், எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது. மத்தில்த் அந்த ஊரிலேயே இருக்கிறாளா, குமாஸ்தாவோடு கப்பல் ஏறுகிறாளா என்று தெரியாமல் மூன்று வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை. இந்தத் தாளைப் படித்தால் சாருக்கு என்மேல் கோபம் வரும். எழுதித் தரமாட்டார். அதனால் இதை டாக்டரிடமும் அவரிடமும் காட்டுவதை ஒரு பத்து நாள் தள்ளிப்போடுங்கள். மாத்திரை அதுவரை ஓடட்டும், இத்தனை நாள் சாப்பிட்டதுதானே. பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னால் தினம் ஒன்றரைப் பக்கம் எழுதிவிடுவார். ப்ரூய்யோனாக இருந்தாலும் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டால் அவர் தட்டமாட்டார். ஒருமுறை கேட்டுப் பார்க்கிறீர்களா, அக்கா?