வலது முன்னங்காலின் நாலாவது ஆணி

ஐயா, நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்வதுதான் முறை என்றீர்கள். காவல் நிலையத்தில், ஆட்கள் நிற்கும் அறையில் எனக்குப் பேச்சு வராது. அதனால் என் கைப்பட எழுதித் தருகிறேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் அபிதா. வயது இருபத்திரண்டு. தந்தை பெயர் ராக்கப்பன். கம்பத்தில் சுருளிப்பட்டி சாலையில், அரிசி ஆலைக்குப் பின்புறம் வசிக்கிறோம். பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் மட்டும். என் தந்தை மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிக்கிறவர். பந்தயத்தில் எதிராக ஓட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்டு, பந்தயக் குதிரையை வேண்டுமென்றே நொண்டியாக்கினார் என்று அவர் மேல் புகார் உள்ளது.

ஆணி குளம்பின் ஓட்டில் இறங்கினால் கணீரென்று கேட்கும். உள்ளே சதைப் பக்கம் திரும்பினால் சத்தம் மந்தமாகிவிடும். லாடம் அடிக்கிறவர் அந்தச் சத்தத்தை நம்பித்தான் அடுத்த அடி அடிப்பார். என் தந்தைக்கு ஒரு வருடமாக இடது காது கேட்பதில்லை. வலது காதும் பாதிதான். "வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் நம்பி மாட்டக் கொண்டுவர மாட்டான், ஆத்தா" என்றார். அதன் பிறகு நான் ஆணி எடுத்துக் கொடுப்பவளைப் போல அவர் பின்னால் நிற்பேன். சத்தம் மாறினால் தோளைத் தொடுவேன். அவர் அந்த ஆணியை உருவிவிட்டு இடம் மாற்றி அடிப்பார். இது எங்கள் இருவருக்கும் என் தாயாருக்கும் மட்டுமே தெரியும்.

கடந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, புகார் கொடுத்த கார்த்திக்ராஜ் அவர்களின் சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்துக்கு நானும் என் தந்தையும் போனோம். அவரும் அவர் நண்பர் ஆதித்தனும் அங்கே இருந்தார்கள். சிட்டு என்ற பெண் குதிரைக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக நாலு காலுக்கும் லாடம் மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்று கால் முடிந்தது. பின்னங்கால் ஒன்றில் நான் ஒரு முறை தோளைத் தொட்டேன், என் தந்தை ஆணியை மாற்றினார். அதன் பிறகு வலது முன்னங்காலைத் தூக்கி முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

அப்போது ஆதித்தன் செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார். கார்த்திக்ராஜ், "ஏலே, மூஞ்சி தெரிய எடு. ராக்கப்பண்ணன நாளைக்கு ஊரு பூரா பாக்கட்டும்" என்றார். ஆதித்தன் என்னைப் பார்த்து, "தாயி, வீடியோல நீதான் விழுகுற. அங்கன தள்ளி நில்லு. காலேஜுல ஆணி எடுத்துக் குடுக்கத்தான் சொல்லித் தந்தாகளா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். என் தந்தையும் சிரித்தார். என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் கேட்டிருக்காது.

நான் ஆணிகளைக் கீழே வைத்துவிட்டுப் திராட்சைப் பந்தலின் கல்தூணுக்கு அருகில் போய் நின்றேன். முதல் மூன்று ஆணி சரியாக இறங்கியது. நாலாவது ஆணியின் கடைசி இரண்டு அடி மண்ணில் அடித்ததுபோல் கேட்டது. குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. "போனைப் பாத்து மிரளுது" என்று கார்த்திக்ராஜ் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து என் தந்தைக்குப் பத்து அடி தூரம்கூட இருக்காது. நான் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் அவருக்குக் காது கேட்காது என்பது வீடியோவில் வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. நான் கேட்டது தவறாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் பூட்டி ஓட்டியபோது குதிரை நொண்டியது. கார்த்திக்ராஜ் வந்து என் தந்தையை அழைத்துப் போனார். நானும் போனேன். என் தந்தை குளம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "கொதிக்குதுய்யா. இப்பவே ஆணிய எடுத்துர்றேன்" என்று குறடை எடுத்தார். கார்த்திக்ராஜ் தட்டிவிட்டார். "செய்யிறதையும் செஞ்சுட்டு சாட்சிய அழிக்கப் பாக்குறீகளா?" என்றார். அன்றே புகார் கொடுத்தார். புதன்கிழமை குதிரையை மினி லாரியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கால்நடை டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார், அதுவரை லாடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றீர்கள்.

இன்று வியாழன். நேற்று மாலை நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு என் தந்தை வாய் திறக்கவில்லை, திமிராக இருந்தார் என்று எழுதியிருப்பதாக ஏட்டய்யா சொன்னார். நீங்கள் அவருக்கு இடது பக்கம் அமர்ந்திருந்தீர்கள்.

நான் இருக்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக, புங்க மரத்தில் கட்டியிருக்கும் குதிரை தெரிகிறது. எழுதத் தொடங்கியதிலிருந்து அது அந்தக் காலை ஒரு முறையும் ஊன்றவில்லை. பத்து மணிக்குக் கார்த்திக்ராஜ் வந்து உள்ளங்கையில் வெல்லம் வைத்து நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் வெல்லத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "புகார் எழுதிக் குடுத்தாச்சே தாயி. இனி நான் என்ன செய்ய?" என்றார்.

இதில் உள்ளவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். யாரும் சொல்லித் தந்து எழுதவில்லை. என் தந்தையிடமும் இதைக் காட்டவில்லை. இது வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை வராது என்று தெரிந்தே எழுதினேன்.

இனி கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். ஆதித்தனின் போனில் உள்ள வீடியோவைச் சத்தம் வைத்துக் கேளுங்கள். நாலாவது ஆணி வேறு மாதிரி கேட்கும். சாட்சி அதில் இருக்கிறது, குதிரையின் காலில் இருக்க வேண்டியதில்லை. நாளைவரை காத்திருக்காமல் இன்றே அந்த ஆணியை எடுக்க என் தந்தையை அனுமதிக்க வேண்டும். அவரை வலது பக்கம் நின்று கூப்பிடுங்கள். அவர் குறடு பிடிக்கும்போது நான் பின்னால் நிற்க வேண்டும்.

(ஒப்பம்)
ரா. அபிதா