இருபத்திரண்டு அங்குலம்

படிவத்தில் ‘அடிபட்ட விதம்’ என்ற இடத்துக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறீர்கள், டாக்டர். அதில் ‘வண்டியிலிருந்து இறங்கும்போது’ என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் போன மாதம் என் மாமனாரின் இடது முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்படிங்க சரியாச்சு?" என்று நீங்கள் வாயைப் பிளந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கும் இந்தக் கோட்டுக்கும் பதில் ஒன்றுதான். தாளின் பின்பக்கம் காலியாக இருப்பதால் அங்கே தொடர்கிறேன்.

என்னிடம் இருபத்தோரு வயதான பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. கதவைச் சாத்தினால் கண்ணாடி தானாக இறங்கும். வாரம் முழுக்க அலுவலகத்தில் பிறர் சொல்வதற்குத் தலையாட்டுவது என் பிழைப்பு. ஞாயிறு காலை மட்டும் இந்த வண்டியில் பழைய கல்குவாரிப் பக்கம் போய், மேடு பள்ளத்தில் இரண்டு மணி நேரம் உருட்டிவிட்டு வருவேன். பக்கத்தில் ஆள் கிடையாது. பேச்சு கிடையாது. எனக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

மாமனார் எங்களோடு வந்து தங்கியது போன வருடம். முதல் ஞாயிறே வண்டியில் என் பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டார். தங்கமான மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பள்ளி வண்டிகளில் ஆசிரியர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். என் வண்டியில் அது இல்லை. இல்லையென்பது அவர் காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை ஓங்கி மிதிப்பார். நான்கே மாதத்தில் அந்தப் பக்கத்து மிதியடியில் ஓட்டை விழுந்துவிட்டது.

"கிளட்ச பாதி விடுங்க மாப்ள. பாதின்னா பாதி. இது முக்கால்."

மனைவியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்பாவுக்கு வேற எங்க போக்கிடம் இருக்கு? கூட ஒரு ஆளு உக்காந்தா வண்டி தேஞ்சா போயிடும்?" என்றாள். மாமனாரிடம் நேராக, ‘வராதீர்கள்’ என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கும் நாக்கு எழாது. அதை வண்டியே சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது.

மெக்கானிக்கிடம் போய் வண்டியை உயர்த்த வேண்டும் என்றேன். "முழு செட்டு வாங்கிப் போட்டா, அந்தக் காசுக்கு இன்னொரு வண்டி வாங்கி இது மேல நிறுத்திடலாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, சிக்கனமான வழி ஒன்று சொன்னார். முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற கம்பியின் போல்ட்டை முறுக்கினாலே வண்டி நிமிர்ந்துவிடும், அதற்குச் செலவே இல்லை. பின்பக்கம் ஸ்பிரிங்கோடு கூடுதலாக ஒரு பட்டை. அதற்கு மேல், ஓடின டயரில் கொஞ்சம் பெரியதாக நான்கு.

"ஆனா குலுக்கல் பலமா இருக்கும், சொல்லிட்டேன். எத்தன இஞ்ச் தூக்கணும்?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் பாறையின் உயரத்தைத்தான் சொல்வார்கள். நான் இரண்டு மாதம் தவணை கேட்டேன். எனக்கு அளக்க வேண்டியது வேறொன்று இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்வாசலில் படி கிடையாது. உள்தரையிலிருந்து மண்ணுக்குப் பதினைந்து அங்குலம். தினமும் காலையில் மாமா அங்கே இறங்கி, வெயிலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துவிட்டு, திரும்ப ஏறி வருவார். வண்டியின் வாசல் பத்தொன்பது அங்குலம். அதைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு பெருமூச்சில் ஏறிவிடுவார். அவரால் ஏறவே முடியாத உயரம் எது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வாசலுக்கு நேர் கீழே, பாய் விரிக்கும் அளவு இடத்தில், வாரம் ஓர் அங்குலம் மண்ணை வெட்ட ஆரம்பித்தேன்.

வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது? பூந்தொட்டி வாங்கினேன். வாரம் இரண்டு. "உங்களுக்குத் திடீர்னு என்ன செடி மேல பாசம்?" என்று மனைவி பூரித்துப் போனாள். பத்து வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ரோஜாவும் அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தது.

பத்தொன்பது வரை சாதாரணமாக ஏறினார். இருபதில் நிலைக்கதவைப் பிடித்தார். இருபத்தொன்றில் கால் தடுக்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய் ஓடித் தூக்கினேன், டாக்டர். தூசி தட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம்தான் நோட்டில் குறித்தேன். இருபத்திரண்டில் நின்று வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, மூன்று அங்குலம் போதும் என்றேன். வண்டியை விடும் முன் மாமா பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றி வைத்தேன். பழசாகிவிட்டது, பிடித்தால் கையோடு வந்துவிடும், அவருக்கு ஆபத்து.

டயர் கிடைக்க ஒரு மாதம் இழுத்துவிட்டது. அங்கேதான் நான் கோட்டை விட்டேன். பின்வாசல் பள்ளத்தை மூடவில்லை. மூட நினைத்தாலும் மண் எல்லாம் பதினான்கு தொட்டிகளில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதமும் தினமும் காலையில் மாமா அந்த வாசலோடு மல்லுக்கட்டியிருக்கிறார். எனக்கு அலுவலகம், நான் பார்க்கவில்லை.

வண்டி வந்தது. கம்பீரமாக நின்றது. "வாங்க மாமா," என்று அன்போடு அழைத்தேன். ஏற முடியாமல் அவர் முகம் வாடும்போது சொல்ல ஓர் ஆறுதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு காலை வைத்தார். அடுத்த நொடி உள்ளே உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். கையில் பேப்பர் மடித்தபடியே இருந்தது.

"எல்லாம் நீங்க வெட்டி விட்ட அந்தப் படிதான் மாப்ள. ஏறி ஏறி கால் இரும்பாயிடுச்சு. வாயால சொல்லாம வைத்தியம் பாத்தீங்க பாருங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்ற மனைவியும் கண்ணைத் துடைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று குவாரியில் மெக்கானிக் சொன்ன குலுக்கலை முழுதாக வாங்கிக்கொண்டேன். மாமா வழியெல்லாம் தரையை மிதித்தார்.

வீட்டுக்கு வந்து கோபத்தில் கதவைத் திறந்து இறங்கினேன். பழைய உயரத்தில் தரை இருக்கும் என்று கால் நம்பியது. மூன்று அங்குலம் கீழே இருந்தது. முட்டி திரும்பிக்கொண்டது. உங்களிடம் என்னை அழைத்துவந்தவர் மாமாதான். கியர் மாறியதே தெரியாத அளவுக்கு ஓட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் ஓட்டுகிறார். மனைவி தோள் கொடுத்து என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிடுகிறாள். என் வண்டியின் நெளிவு சுளிவு எனக்குத்தானே தெரியும், அதனால் அவ்வப்போது சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளத்தில் இரண்டாவது கியர், மேட்டில் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மிதியடியின் ஓட்டை பெரிதாகியிருப்பதாக மனைவி சொல்கிறாள். அது பழைய ஓட்டை.

மாமாவும் முன்போல் இல்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். போன வாரம் மெக்கானிக்கோடு தனியாக ஏதோ பேசினார். இன்று காலை பின்வாசலில் மண்வெட்டியோடு நின்றார். செடிக்கு மண் வேண்டுமாம்.

அவருக்கும் தோட்டத்தில் ஈடுபாடு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வேறு காரணம் இருக்க வழியில்லை, டாக்டர். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவதில் அவருக்கு என்ன தொந்தரவு இருந்துவிடப் போகிறது?