வெளியில் மாட்டிய கொண்டி

ஓடுகிறோம். தேயிலைச் செடி என் நெஞ்சளவு. தங்கச்சி புஷ்பத்துக்குத் தலைக்கு மேல். அவள் கை என் கையில். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம். செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி இருக்கும். பின்னால் தகரம் வெடிக்கிறது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு வரிசையாக. அது எங்கள் லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், எரியும் கூரை.

"குனிஞ்சு ஓடுங்க! ரோட்டுப் பக்கம் போகாதீங்க!"

மேல்மலையிலிருந்து யாரோ கத்தினார்கள். குனிந்தோம். எனக்குப் பதினொரு வயது. அவளுக்கு ஆறு. அப்பா முந்தின வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மா எங்களோடு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பலர் கேட்டார்கள். தெரியாது என்றேன். நாற்பது வருடத்துக்கு மேல் அதையே சொன்னேன்.

இப்போது பசறையில் இருக்கிறேன். ஒரு தளபாடக் கடையில் வேலை. மரம் தேய்ப்பேன், மெருகு பூசுவேன். புஷ்பம் மொனராகலையில். அவள் பேத்தி போனில் கேட்டாள், பொம்மைக்கு ஒரு வீடு வேண்டும் என்று. மாடி வைத்து, ஜன்னல் வைத்துச் செய்ய நினைத்தேன். கடையில் மிஞ்சிய சவுக்குத் துண்டுகளை எடுத்தேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று அளந்தேன்.

மாடி வரவில்லை. கை வேறு எதையோ வெட்டியது. முன்னால் இஸ்தோப்பு, கதவு வைத்து அடைத்த சிறு திண்ணை. அதற்குப் பின்னால் படுக்க ஒற்றைக் காம்பரா. கடைசியில் சமைக்கும் குசினி. ஜன்னல் இல்லை. எங்கள் லயத்து வீடு. நிறுத்த முடியவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெட்டினேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பால்மா டின்னை வெட்டிக் கூரை போட்டேன். விரல் நீளத்தில் அடுப்பு. தீப்பெட்டி அளவில் அம்மாவின் டிரங்குப் பெட்டி.

மூன்றாவது வாரம் குசினியின் பின்கதவை மாட்டினேன். கம்பியை வளைத்துக் கொண்டி செய்தேன். வெளிப்பக்கம் வைத்தேன். கழற்றி உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். தப்பாக இருந்தது. கோழி உள்ளே போகாமலிருக்க வெளியில்தான் கொண்டி. அன்றைக்கு அதை மாட்டியது யார்?

நான்தான். இரும்பின் சூடு விரலில் தெரிந்தது. அம்மா உள்ளே இருந்தார்.

கடையில் மற்றவர்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புஷ்பத்தை வரச் சொன்னேன். மறுநாள் காலை பஸ்ஸில் வந்தாள். வீட்டைக் காட்டினேன். கொண்டியைத் தொட்டுச் சொன்னேன். "நான்தான் பூட்டினேன் புஷ்பம். அம்மாவ உள்ள வச்சு நான்தான் பூட்டினேன்."

அவள் அழவில்லை. இஸ்தோப்புக் கதவில் விரலை வைத்தாள்.

"அம்மா இங்க நின்னுச்சு அக்கா. முதுகு குடுத்துக் கதவ அடைச்சுக்கிட்டு. வெளியில தீ வைக்க வந்தவனுங்க இடிக்கிறானுங்க. அம்மாதான் கத்துச்சு. 'பின்கதவக் கொண்டி போடு, புள்ளயக் கூட்டிக்கிட்டு ஓடு'ன்னு. நம்ம பின்னாடி அவனுங்க வரக்கூடாதுன்னு."

"எனக்குக் கேக்கலியே."

"கேட்டுத்தானே போட்ட."

"நெசமாவா?"

"பொய் சொல்ல எனக்கு என்ன வந்துச்சு? இத்தன வருசமா நீ அந்தப் பேச்சையே எடுக்க விடல."

ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நினைவிருக்குமா? என்னைத் தேற்றச் சொன்னாளா? தெரியவில்லை. நடக்கும்போதும் கேட்டுக்கொள்கிறேன். மரம் தேய்க்கும்போதும். அந்த வீட்டைப் பேத்திக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அன்றைக்கு எங்களை விட்டுப் போனதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. ஏழு எரிந்தது. மூன்று பேர் செத்தார்கள். பக்கத்துக் காம்பரா கறுப்பையா மாமா. அவர் மனைவி ராமாயி அத்தை. எங்கள் அம்மா அழகம்மா, வயது முப்பத்துநாலு. இரண்டு ஆடு. எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ். அம்மாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் எரிந்தது. அம்மாவின் முகம் புஷ்பத்துக்கு நினைவில்லை.