பழவங்காடியில் ஒரு ஸ்மாஷ்

திருவனந்தபுரம் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. போன மாதம் நான் எறிந்த தேங்காய் உடையாமல் உருண்டு என் காலடிக்கே வந்துவிட்டதால், இம்முறை பிறரைப் பார்த்தாவது கற்றுக்கொள்வோம் என்று கண்ணையும் காதையும் தீட்டி நின்றேன்.

"குடு, நான் எறியறேன். உன்னோடது ஆபரேஷன் பண்ணின தோளாக்கும்" என்றார் கணவர்.

"இந்தியாவுக்காகப் பேட்மிண்டன் ஆடினது நீங்களா, நானா?"

"நீதான். ரிட்டயர் ஆனப்புறம் மட்டையைத் தொட்டியோ?"

"அதான் இன்னிக்குப் பாத்துடறேன், கேட்டேளா. இது செதறினா நாளைக்குக் கோச் வேலைல சேருவேன். இல்லேன்னா ஆத்துல உங்களுக்கு தோசை வார்த்துண்டு இருப்பேன்."

"தோசையும் நல்ல வேலைதான்" என்றார் அவர், நம்பிக்கையோடு.

அம்மாள் பந்தை ஸ்மாஷ் செய்வதுபோல் எம்பி அடித்தார். தேங்காய் தூள்தூளானது, அதன் தண்ணீர் என் மூக்குக்கண்ணாடிவரை தெறித்தது. அடித்த வேகத்தில் பின்னால் துள்ளி, என் காலை மிதித்து, முழங்காலை மடக்கி, எதிராளியின் பதிலுக்குத் தயாராக நின்றார்.

"வாடி, போலாம்" என்றார் கணவர். "அது திரும்பி வராது."

நான் என் தேங்காயைப் பார்த்தேன். எனக்கு வரும்.