படலையில் கட்டிய வேப்பிலை

– அந்த வாங்கில இரு, விமலேஸ்வரி. ஊசி கொதிச்சிட்டுது, சின்னவளை மடியில வை. மூத்தவனை எங்கை விட்டிட்டு வந்தனி? அவனுக்கும் போடவேணும்.

– அவனுக்கு இனித் தேவையில்லை ஐயா. இண்டைக்குப் பதினெட்டு நாள்.

– என்ன பிள்ளை சொல்லுறாய்?

– தொண்டைக்கரப்பான். மூச்சு விடேலாமல் என்ர மடியில கிடந்து அந்தரப்பட்டவன். பரந்தன் சந்தியில கார் பிடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. நாலு வயசு, ஐயா.

– ஐயோ! அதுக்குத்தானே போன மாசம் வாய்க்கால் ஓரத்து வீடெல்லாம் ஏறி இறங்கி ஊசி போட்டனான்!

– எங்கட வீட்டுக்கு மட்டும் வரேல்லை.

– எப்பிடி வாறது? வாசல் படலையில வேப்பிலை தொங்கினது. கொப்புளம் போட்டு அம்மாள் நிக்கிற வீட்டுக்குள்ள ஊசியோட கால் வைச்சால் உங்கட ஆக்கள் என்னைச் சும்மா விடுவினமே?

– அம்மாள் நிக்கேல்லை ஐயா. நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டு நான்தான் கட்டினனான்.

– நீயோ!

– ஊசி போட்டு ஐயாத்துரை அண்ணையின்ர பொடியனுக்கு மூண்டு நாள் காய்ச்சல். என்ர மோனைக் குத்தக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை.

– அந்தப் பொடி இப்பவும் வயலுக்க துள்ளித் திரியுது! நீ அம்மாளின்ர பேரில பொய் சொல்லி உன்ர பிள்ளையைச் சாகக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய். தாய் எண்டு பாக்கிறன், இல்லாட்டில் வாயில வாறதைச் சொல்லிப்போடுவன்.

– சொல்லுங்கோ. எல்லாரும் சொல்லினம். அவர் அண்டையில இருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. சின்னவளைத் தூக்கவும் மாமி பயந்து பயந்துதான் விடுறா. பிழை என்ரதான்.

– பிறகென்ன? நான் ரோட்டில நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டனான். ஒரு குஞ்சும் எட்டிப் பாக்கேல்லை. அம்மாள் வருத்தம் எண்டு கொப்பியில எழுதிப்போட்டு வந்தனான். என்னில என்ன குறை?

– நான் கதவுக்குப் பின்னால நிண்டனான் ஐயா. நீங்கள் கூப்பிடேல்லை. சைக்கிளால இறங்கவுமில்லை.

– …சரியான வெயில், பிள்ளை. இன்னும் பதினொரு வீடு கிடந்தது.

– நீங்கள் வரேக்க அவன் படலையில ஏறி நிண்டவன். மேலில சட்டை இல்லை. ஒரு கொப்புளமும் இல்லை. அம்மாள் வந்த பிள்ளை அப்பிடி நிக்குமே?

– சின்னவளின்ர கையை இறுக்கிப் பிடி. குத்தப்போறன்.

– பிடிச்சிருக்கிறன். அவனைக் கண்டனீங்களோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

– கண்டனான். எனக்குக் கை காட்டினவன். நானும் கை காட்டிப்போட்டுத்தான் போனனான்.