வக்கீல் வீட்டு நாய்க்குச் சிக்கெடுத்தது

வரமாட்டேங்க. மருதை வரமாட்டானாம்னு வக்கீல் சாமிகிட்ட போய்ச் சொல்லிடுங்க. கோவிச்சுப்பாரு, தெரியும். இந்தச் சவரக்கடை அவரு கட்டடத்துல இருக்கு, அதுவும் தெரியும். காலி பண்ணுன்னா பண்ணித்தான் ஆகணும். மலைக்கோட்டையச் சுத்தி இப்ப எங்க கடை கெடைக்குது? நீங்க உக்காருங்க இன்னாசிராஜ் சார். குமாஸ்தாவா வந்து ஒரு மாசந்தான ஆவுது, அந்த வீட்டுச் சேதி உங்களுக்குத் தெரியாது.

என்ன சொன்னாரு, திரும்பச் சொல்லுங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள கத்தியோட கொல்லப்பக்கம் வரணும். சரி. எதுக்குன்னு கேட்டீங்களா? நாய்க்கு முடி எடுக்கத்தான்னு நீங்களே நெனச்சுக்கிட்டீங்களாக்கும். வெவரமான ஆளு சார்.

பொன்மலை ரயில்வே தொரை சீமைக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன நாய் அது. டெய்சின்னு பேரு. ஒடம்பு பூரா முடி, எது தலை எது வாலுன்னு பிஸ்கட்ட நீட்டித்தான் கண்டுபுடிக்கணும். ஸ்ரீரங்கத்துல, அதுவும் உத்தர வீதியில நாயான்னு ஊரே மூக்குல வெரல வச்சுது. சாமி கண்டுக்கல. புது நாகரிகம் தெரிஞ்சவராச்சே. மேசையில சாப்பாடு, ரேடியோவுல இங்கிலீசு நியூசு.

தொரை சீப்பும் சேத்துத்தான் குடுத்தாரு. இவரு அதுல மீசையச் சீவிக்கிட்டாரு. நாயை வாராவாரம் சீயக்கா போட்டுக் குளிப்பாட்டினதோட சரி. சிக்கோட நனைக்கலாமா சார்? காஞ்சா கம்பளி மாதிரி இறுகிடும். காதுக்குப் பின்னால, கால் இடுக்குல, கழுத்துப் பட்டைக்கு அடியில, எல்லாம் கட்டி கட்டியா. நடக்க முடியாம முனகுது. அப்பத்தான் எனக்கு ஆள் விட்டாரு.

வெட்டிடலாம் சாமி, வளந்துடும்னேன். பதறிட்டாரு மனுசன். வாயில்லா ஜீவன்டா, ஒரு முடி போகக் கூடாது, அவமானத்துல சோறு திங்காமக் கெடக்கும்னாரு. மூணு மணி நேரம் கொல்லையில உக்காந்தேன். தேங்காண்ணெயத் தொட்டு, வேர்ப்பக்கம் ரெண்டு வெரலால அழுத்திப் புடிச்சுக்கிட்டு, நுனியிலேர்ந்து பிரிச்சுக்கிட்டே வரணும். வேர்லேர்ந்து இழுத்தா நாயும் கடிக்கும், வக்கீலும் கடிப்பாரு. டெய்சிக்குக் கூடத்துல மெத்தை. நான் தண்ணி கேட்டா கையில தூக்கி ஊத்துவாங்க. அதுக்கென்ன, பழகிப்போச்சு.

நாய் தலையப் புடிச்சுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. சாமியோட தம்பி சம்சாரம், இருவது வயசு இருக்கும். வாங்கோன்னுச்சு சார் என்னைய. எங்கப்பன் காலத்துலேர்ந்து அந்த வீட்டுல யாரும் அப்படிச் சொன்னதில்ல. மறுபடி சிக்கு விழாம இருக்க என்ன பண்ணணும்னு கேட்டுக்கிச்சு. தெனம் சீவணும்மா, குளிப்பாட்டறதுக்கு முன்னாடி கட்டாயம் சீவணும்னேன். அன்னையிலேர்ந்து அதுதான் சீவுது. டெய்சி மினுமினுன்னு திரியுது. எனக்கு அங்க வேலையே இல்லாமப் போச்சு.

அந்த நாய்க்கா கத்தியோட வரச் சொல்லுவாரு?

சாமியோட தம்பி காய்ச்சல்ல போனாரே, ஆபீசு கூட மூடியிருந்துதே. நாளைக்குப் பத்தாம் நாள். நீங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, உங்களுக்குத் தெரியாது. தாலி அறுத்த பொண்ணுக்கு அன்னிக்குத் தலைய மழிக்கணும். அந்த வீதியிலயே பாதிப் பேருக்கு அந்த வழக்கம் கெடையாது, மீதிப் பேரும் விட்டுட்டாங்க. மேசையில சாப்பிடறவரு விடல.

எங்கப்பன் செஞ்சான். நானும் ரெண்டு பேருக்குச் செஞ்சிருக்கேன், பொய் சொல்லல. ஒருத்தி, முடி எல்லாம் விழுந்தப்பறம், ஆச்சான்னு மட்டும் கேட்டா. கத்தியத் தொடச்சு மடக்கிக்கிட்டு, கூலி கூட வாங்காம வந்துட்டேன்.

வேற ஆள் தேடுவாரு, தேடட்டும். அந்தப் பக்கம் எங்காளுங்க ஆறு பேருதான். நேத்தே ஆறு பேரையும் பாத்துப் பேசிட்டேன், ஒருத்தனும் போக மாட்டான்.

இந்தாங்க கடைச் சாவி. கேக்கறதுக்கு முன்னாடி அவனே குடுத்தான்னு சொல்லுங்க. நாற்காலியும் கண்ணாடியும் என்னுது, சாயங்காலம் வண்டி கொண்டாந்து ஏத்திக்கறேன்.